எடை குறைந்த செமி-ஆட்டோ ரைஃபிள்: தோளும் கையும் சொல்லும் எடையைப் பார்த்து வாங்குங்கள்

“சித்தப்பா, ரெண்டரை கிலோவுக்குக் கீழ இருந்தா வாங்கிடலாம்ல?”

உரிமம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே அண்ணன் மகள் இப்படித்தான் ஆரம்பித்தாள். வார இறுதியில் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், சுடவும், சீசனில் என்னோடு முயல் வேட்டைக்கு வரவும் அவளுக்கு ஒரு செமி-ஆட்டோ ரைஃபிள் வேண்டும். விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும் ரகம் அது. மூன்று கம்பெனிகளின் விவரத்தாள்களை வைத்திருந்தாள். மூன்றிலும் எடை எழுதியிருந்த வரியை மட்டும் வட்டம் போட்டிருந்தாள்.

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் ரேஞ்சுக்கு அழைத்துப்போய், என் .22 ரைஃபிளின் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் உலோகத் துண்டு) திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று அவளையே பார்க்கச் சொல்லி, அப்புறம் கையில் கொடுத்தேன். நின்றபடி 50 மீட்டர் பலகையைக் குறி வைத்து இரண்டு நிமிடம் பிடி என்றேன். விவரத்தாளின்படி அந்த ரைஃபிள் 2.3 கிலோ. நாற்பதாவது விநாடியில் குழல் நுனி சின்னதாக வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு நிமிடம் தாண்டியதும், முன்கட்டையைத் தாங்கிய வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். பிறகு தராசில் வைத்தோம். ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், தோள்வார், நிரப்பிய மேகசின் எல்லாம் சேர்ந்து 3 கிலோவைத் தாண்டியது.

விவரத்தாளில் இருப்பது வெறும் துப்பாக்கியின் எடை. நாம் தூக்குவது அதை இல்லை. அதோடு, துப்பாக்கியின் எடை நமக்கு இரண்டு விதமாகத் தெரியும். மூன்று மணி நேரம் நடந்த பிறகு தோளில் தெரிவது ஒன்று. குறி பார்க்கும் கணத்தில் கையில் தெரிவது இன்னொன்று. முதலாவது எவ்வளவு குறைந்தாலும் நல்லது. இரண்டாவது ரொம்பக் குறைந்தால் மூச்சு, இதயத்துடிப்பு, விசையை இழுக்கும் விரல் எல்லாமே குழலை அசைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் உடம்புக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு.

சட்டம், தோட்டா, பிறகு துப்பாக்கி

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் சட்டம், ஏனென்றால் செமி-ஆட்டோ விஷயத்தில் நாட்டுக்கு நாடு வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். பிரிட்டனில் 1988-க்குப் பிறகு .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் சின்னத் தோட்டா) தவிர மற்ற செமி-ஆட்டோ ரைஃபிள்களுக்குத் தடை. ஆஸ்திரேலியாவில் 1996-இல் இருந்து .22 செமி-ஆட்டோகூடச் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. நியூசிலாந்து 2019-இல் பெரும்பாலான செமி-ஆட்டோக்களைத் தடை செய்தது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத .22 ரிம்ஃபயரை விட்டுவைத்தது. ஐரோப்பாவில் 1979-ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கை, வேட்டைக்கு ஆகாத கருவிகளின் பட்டியலில் இரண்டுக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின் உள்ள செமி-ஆட்டோவையும் சேர்த்திருக்கிறது. ரேஞ்சுக்குச் சரியான மேகசின் வேட்டைக்குச் சட்டவிரோதமாக இருக்கலாம். இந்தியாவிலோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி வேட்டைக்கே பொதுவாகத் தடை. நீங்கள் இருக்கும் ஊரின் விதியை உரிமம் தரும் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்து தோட்டா. “ஒரே துப்பாக்கி, எல்லாத்துக்கும்” என்று தேடுகிறவர்களிடம் நான் இரண்டு எண்களைச் சொல்வேன். .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவின் குண்டு வழக்கமாக 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். வேக ரகத்தில் நொடிக்குச் சுமார் 380 மீட்டரில் கிளம்பும். ஆற்றல் 190 ஜூல் அளவில். .308 வின்செஸ்டரில் 150 கிரெயின் குண்டு, 9.7 கிராம், நொடிக்குச் சுமார் 860 மீட்டர். ஆற்றல் 3,500 ஜூலுக்கு மேல். ஏறக்குறைய இருபது மடங்கு வித்தியாசம். முயலுக்கும் அணிலுக்கும் காகித இலக்குக்கும் முதலாவது. மானுக்கும் பன்றிக்கும் .308 போன்றவை. .22-ஐக் கொண்டு மானைச் சுடுவது பல இடங்களில் குற்றம். குற்றமில்லாத இடத்திலும் செய்யாதீர்கள். அடிபட்ட பிராணி செத்து விழாது, ஓடிப்போய்ப் புதரில் கிடந்து நாள்கணக்கில் துடிக்கும்.

.22 சின்னதுதானே என்ற அலட்சியமும் வேண்டாம். அதன் பெட்டியிலேயே ஒன்றரை மைல், அதாவது 2.4 கிலோமீட்டர் வரை அபாயம் என்று அச்சிட்டிருப்பார்கள். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடக் கூடாது.

எடை எங்கிருந்து வருகிறது

.22 செமி-ஆட்டோக்கள் லேசாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் எளிமை. பெரும்பாலும் ‘புளோபேக்’ முறைதான். போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் இல்லை. போல்ட்டின் கனமும் ஒரு ஸ்பிரிங்கும்தான் தோட்டாவைச் சேம்பரில் நிறுத்துகின்றன. வெடித்த வாயு காலிக்கூட்டைப் பின்னால் தள்ள, அது போல்ட்டைத் தள்ளும், போல்ட் கூட்டை வெளியே வீசிவிட்டுத் திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றும். .308 மாதிரி அழுத்தம் அதிகமான தோட்டாவுக்கு இது போதாது. போல்ட்டைப் பூட்ட வேண்டும். குழலில் ஒரு சின்னத் துளை வழியாக வாயுவை எடுத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். பிஸ்டன், தண்டு, தடித்த உடல் என்று இரும்பு கூடிக்கொண்டே போகும். 1967-இல் வந்த பிரவுனிங் ‘பார்’ (BAR) வேட்டை ரைஃபிளானாலும், அதற்குப் பிறகு வந்த பெனெல்லி ஆர்1 ஆனாலும், 3 கிலோவுக்கு மேல்தான் நிற்கின்றன. .223 ரெமிங்டன் சுடும் ஏஆர்-15 வகையில் அலுமினிய உடல் என்பதால் 3 கிலோவுக்குக் கீழே கிடைக்கும்.

அதற்கும் கீழே போகலாமா? போகலாம், ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. அதே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இரட்டிப்பாகும். வாயுவால் இயங்கும் துப்பாக்கி அந்த உதையைக் கொஞ்சம் நேரம் இழுத்துப் பரப்பித் தருவதால் தோளுக்கு மென்மையாகப் படும். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

இதை நான் உடம்பால் கற்றவன். நான் முதன்முதலில் வாங்கிய .308, அந்த வகையில் கிடைத்ததிலேயே லேசானது. தூக்கிக்கொண்டு நடக்க அருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் என் குறி தாழ ஆரம்பித்தது. ஸ்கோப்பைச் சந்தேகித்தேன், தோட்டாவைச் சந்தேகித்தேன். ஒரு நாள் ரேஞ்சில் நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமல் மேகசினில் மூன்றாவதாக வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றை வைத்துவிட்டார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் ‘க்ளிக்’ மட்டும் கேட்டது. குழல் நுனியோ நாலு விரல் கடை கீழே குத்தியது. உதை வரும் முன்பே நான் கண்ணை மூடித் தோளை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க .22-ஐ எடுத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க உட்கார வேண்டியிருந்தது. அதனால்தான் புதிதாக வருகிற யாருக்கும் முதல் செமி-ஆட்டோ .22-ஆக இருக்கட்டும் என்கிறேன். பெரியது அடுத்த வருடம் வரட்டும்.

.22-இல் பார்க்க வேண்டியவை

இந்த வகையில் பெயர்கள் அதிகம் மாறுவதில்லை. ருகர் 10/22, 1964-இல் இருந்து வருகிறது. பத்துத் தோட்டாவைச் சுழல் அமைப்பில் அடக்கும் மேகசின் கட்டைக்குள்ளேயே மறைந்துவிடும், கையைக் குத்தாது. மார்லின் மாடல் 60, குழலுக்கு அடியில் நீளக் குழாய் மேகசின். ஜான் பிரவுனிங் வடிவமைத்த எஸ்ஏ-22, 1914-இலேயே வந்தது. இரண்டாகக் கழற்றலாம், காலிக்கூட்டை அடிப்பக்கமாகத் தள்ளும். 1959-இல் வந்த ரெமிங்டன் நைலான் 66-இல் கட்டையே நைலான், எடை 1.8 கிலோ அளவு. இப்போது தயாரிப்பில் இல்லை, பழையது கிடைத்தால் உண்டு. அதைவிட லேசாக ஏஆர்-7: பிரித்தால் குழலும் உடலும் பின்கட்டைக்குள் அடங்கிவிடும்.

டாம் ஃப்ரை என்ற ரெமிங்டன் ஊழியர் 1959-இல் நைலான் 66-ஐ வைத்து, காற்றில் எறிந்த 1,00,010 சின்ன மரக்கட்டைகளைச் சுட்டார். தவறியவை ஆறே ஆறு. லேசான துப்பாக்கியால் துல்லியம் வராது என்பவர்களுக்கு இது பதில். ஆனால் கவனியுங்கள், அது பக்கத்தில் பறக்கும் பொருளைத் தொடர்ந்து வீசிச் சுடும் சுடுதல். அதற்கு லேசு உதவும். நின்றுகொண்டு 60 மீட்டரில் அசையாத முயலின் தலையைப் பார்க்கும்போது நமக்கு வேண்டியது, நுனியில் கொஞ்சம் கனம்.

கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி. காலித் துப்பாக்கியை மேகசினுக்குச் சற்று முன்னால் இரண்டு விரலில் படுக்கவைத்துத் தாங்குங்கள். அங்கேயே நின்றால் நடக்கவும் சுடவும் நடுநிலையாக இருக்கும். பின்னால் சாய்ந்தால் நுனி அலையும். ஏஆர்-7-ஐ நின்று சுடும்போது எனக்கு இந்தத் தொல்லைதான். முன்னால் ரொம்பச் சாய்ந்தால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும். 16 முதல் 18 அங்குலக் குழல் போதும்; .22 எல்ஆர் தன் வேகத்தில் பெரும்பங்கை அதற்குள்ளேயே பெற்றுவிடுகிறது.

அடுத்து, கட்டை உங்களுக்குப் பொருந்துகிறதா. கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்கி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிந்தால் சரி. கழுத்தை நீட்டியோ தலையைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால், அந்தத் துப்பாக்கி எவ்வளவு லேசானாலும் உங்களுடையது இல்லை.

விசை. லேசான ரைஃபிள்களில் பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். பல .22 செமி-ஆட்டோக்களின் விசையை இழுக்க இரண்டு, இரண்டரை கிலோ அழுத்தம் தேவைப்படும். துப்பாக்கியே அவ்வளவுதான் எடை! கனமான துப்பாக்கியானால் அசையாமல் நிற்கும். லேசானது விரலோடு சேர்ந்து நகரும். வாங்கும் முன் விசையைத் தொட்டுப் பாருங்கள். ஆனால் வெறும் சேம்பரில் அடிக்கலாமா என்று முதலில் கேளுங்கள்: ரிம்ஃபயரில் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும்; தோட்டா இல்லாவிட்டால் பழைய துப்பாக்கிகளில் அது சேம்பரின் உலோக விளிம்பிலேயே போய் மோதிப் பள்ளமாக்கும். விசை மெதுவாக, ஒரே சீராக, மணல் உரசுகிற உணர்வு இல்லாமல் விட்டால் போதும். விசையின் கனத்தைக் குறைக்க வேண்டுமானால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் கொடுங்கள். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள்.

இடது கைக்காரர்கள்

அண்ணன் மகள் இடது கைக்காரி. பெரும்பாலான செமி-ஆட்டோக்கள் காலிக்கூட்டை வலது பக்கம் வீசும். இடது தோளில் வைத்துச் சுட்டால் அந்தத் துவாரம் முகத்துக்கு எதிரே இருக்கும். கூடு விலகிப் பறந்தாலும் புகையும் கரித்துகளும் கண் பக்கம் வரும். முதல் ஐம்பது தோட்டாவில் அவள் மூன்று தடவை கண்ணைச் சிமிட்டினாள். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி மாட்டியதும் நின்றுவிட்டது.

அடிப்பக்கம் தள்ளும் பிரவுனிங்தான் அவளுக்கு என்று நான் நினைத்திருந்தேன். அதையும் 10/22-ஐயும் சுட்டுப் பார்த்துவிட்டு, 10/22-ஐக் காட்டி அவள் சொன்னது வேறு: “சித்தப்பா, இதுல மேகசினைக் கழட்டிக் கையில வெச்சுப் பாக்க முடியுது. அதுல கட்டைக்குள்ள ஒண்ணு மிச்சம் இருக்கான்னு சந்தேகமாவே இருக்கு.” பிரவுனிங்கின் மேகசின் பின்கட்டைக்குள் போகும் குழாய். புதியவருக்கு அந்தச் சந்தேகம் நியாயமானது, நான் மறுக்கவில்லை.

மேகசினைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். காலி செய்யும் வரிசை: குழல் பாதுகாப்பான திசையில், விரல் விசைக்கு வெளியே, முதலில் மேகசினைக் கழற்று, பிறகுதான் போல்ட்டை இழு, சேம்பரைக் கண்ணால் பார், சுண்டு விரலால் தொட்டுப் பார். வரிசை மாறிப் போல்ட்டை முதலில் இழுத்தால், ஒரு தோட்டா வெளியே விழும், அதே நொடியில் மேகசினில் இருந்து இன்னொன்று உள்ளே ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றி ‘காலி’ என்று நினைத்துக்கொள்வீர்கள். செமி-ஆட்டோவில் மோசமான விபத்து இந்தத் தப்பில் இருந்து கிளம்பலாம். அவளை ஐம்பது தடவை செய்ய வைத்தேன், வாயால் சொல்லிக்கொண்டே.

தோட்டாவை அதுவே தேர்ந்தெடுக்கும்

துப்பாக்கி கைக்கு வந்ததும் ஒரே ரகத்தில் ஆயிரம் தோட்டா வாங்காதீர்கள். நான்கு ரகம், ஒவ்வொன்றிலும் ஐம்பது. புளோபேக் போல்ட்டைத் தள்ள ஒரு குறைந்தபட்ச உதை வேண்டும். ஒலியின் வேகத்துக்கு, அதாவது நொடிக்கு 340 மீட்டருக்குக் கீழே போகும் அமைதி ரகத் தோட்டாக்கள் துல்லியமாக இருக்கும், ஆனால் சில துப்பாக்கிகளில் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். காலிக்கூடு துவாரத்தில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். அப்போது பதறக் கூடாது. குழல் இலக்கை நோக்கியே இருக்க, மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து உதறிவிடுங்கள்.

வேறு இரண்டு சத்தங்களைக் காதுக்குப் பழக்குங்கள். ‘க்ளிக்’ மட்டும் கேட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது விநாடியாவது காத்திருங்கள். தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும். ‘டப்’ என்பதற்குப் பதில் மெல்லிய ‘புஸ்’ கேட்டால், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடவே கூடாது. காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று சேம்பர் பக்கமாகப் பாருங்கள்.

துல்லியத்தைப் பார்க்க எல்லாரும் உட்கார்ந்து ஐந்து ஐந்தாகச் சுடுவார்கள். அதையும் செய்யுங்கள், 50 மீட்டரில், நான்கு ரகத்திலும். எது நெருக்கமாக விழுகிறதோ அதுவே அந்தத் துப்பாக்கியின் ரகம். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடலுக்கு வேறொன்று பிடிக்கும். ஆனால் வேட்டைக்கு நான் நம்பும் சோதனை வேறு. மெல்லிய குழல் சூடானால் குறி நகரும். பெரிய தோட்டாவில் இது நன்றாகவே தெரியும். வேட்டையில் நமக்குக் கிடைப்பதோ ஆறிய குழலில் இருந்து ஒரே ஒரு சுடுதல். அதனால் ஒரே காகிதத்தை எடுத்து வைத்து, நாளுக்கு ஒரு தோட்டா, ஐந்து நாள். அந்த ஐந்து துளைகள்தான் உங்கள் உண்மையான துல்லியம்.

பழையதை வாங்குவதானால் குழல் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சின்ன நசுங்கல் இருந்தாலும் குண்டு விலகும். பல .22 செமி-ஆட்டோக்களின் உடல் பின்புறம் மூடியிருப்பதால், சுத்தம் செய்யும் கம்பியை நுனி வழியாக விட்டு விட்டே தேய்த்திருப்பார்கள். துணி கோத்த இழுகயிறு இருந்தால் சேம்பர் பக்கமிருந்து இழுத்துவிடலாம். மேகசினின் வாய் விளிம்புகள் வளையாமல் இருக்க வேண்டும். தோட்டா சிக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். எண்ணெய் ஒரு சொட்டு போதும். புளோபேக்கில் கரி நிறைய உள்ளேயே விழும். எண்ணெயோடு சேர்ந்தால் பசையாகிவிடும்.

ஸ்கோப் விஷயத்தில் கை இறுக்கமாக இருங்கள். 2.3 கிலோ ரைஃபிளின் மேல் 600 கிராம் ஸ்கோப்பைத் தூக்கி வைத்தால் லேசாக வாங்கியதே வீண். .22-க்கு 300 கிராம் அளவில், நாலு மடங்கு பெரிதாக்கும் ஒன்று தாராளம். வீட்டில் பூட்டிய அலமாரி. தோட்டா வேறு இடத்தில், வேறு சாவியில்.

அவள் 10/22-ஐ எடுத்தாள். கட்டையைத் தன் கைநீளத்துக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள், சின்ன ஸ்கோப் மாட்டினாள், மொத்தம் 2.8 கிலோ. ஐந்து நாள் சோதனையின் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நான்கு துளைகள் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியிருந்தன. ஒன்று மட்டும் இடப்பக்கம், மூன்று சென்டிமீட்டர் தள்ளி. எந்த நாள் என்று கேட்டேன். மூன்றாம் நாள், தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்துச் சுட்டாளாம். முன்கட்டையில் மாட்டிய வாரை அப்படி இழுத்தால் லேசான துப்பாக்கியில் கட்டை வளைந்து குழலை அழுத்தும். வாரை விட்டுவிட்டு இன்னும் ஐந்து நாள் சுடச் சொல்லியிருக்கிறேன்.